குழந்தைக்குச் சிறுநீரக மாற்று: பெற்றோர் செய்ய வேண்டிய ஆயத்தங்கள்

குழந்தையின் சிறுநீரகங்கள் இனித் தேறமாட்டா என்று மருத்துவர் சொல்லும் நாளில் பெற்றோரின் மனம் நேரே அறுவை சிகிச்சை அறைக்குத்தான் ஓடும். யார் சிறுநீரகம் கொடுப்பது, எவ்வளவு பணம் ஆகும், பிள்ளை தாங்குமா என்ற மூன்று கேள்விகளைத் தவிர வேறெதுவும் அன்று காதில் விழாது. எனக்கும் விழவில்லை. என் மகனுக்கு அப்போது ஏழு வயது. ஒன்பதாம் வயதில் அவன் தாயின் சிறுநீரகம் அவனுக்குப் பொருத்தப்பட்டது. அறுவை சிகிச்சை சில மணி நேரத்தில் முடிந்துவிடும். அதை மருத்துவர்கள் பார்த்துக்கொள்வார்கள். புதிய சிறுநீரகம் எத்தனை ஆண்டு உழைக்கும் என்பதோ, அதற்கு முந்தைய மாதங்களில் நாம் முடித்துவைக்கும் வேலைகளையும் பிந்தைய ஒவ்வொரு நாளும் நாம் காக்கும் நேர ஒழுங்கையும் பெரிதும் பொறுத்தது. அந்த வேலைகளையே இங்கு எழுதுகிறேன். முடிவுகளை உங்கள் குழந்தையைப் பார்க்கும் சிறுநீரக மருத்துவர்தான் எடுக்க வேண்டும். அவரிடம் எதை, எப்போது கேட்பது என்பதற்கு இது உதவும்.

முதலில் காரணத்தைக் கேளுங்கள்

பெரியவர்களுக்குச் சர்க்கரை நோயும் இரத்தக் கொதிப்பும் சிறுநீரகத்தைக் கெடுக்கின்றன. குழந்தைகளுக்குக் காரணங்கள் வேறு. கருவிலேயே சிறுநீரகங்கள் சரியாக வளராமை, சிறுநீர் மேல்நோக்கித் திரும்பும் கோளாறு, ஆண் குழந்தைகளின் சிறுநீர்ப் பாதையில் பிறவியிலேயே சவ்வு போல் அமையும் வால்வு அடைப்பு, சிறுநீரில் புரதம் மிகுதியாக வெளியேறும் நெப்ரோடிக் நோய் ஸ்டீராய்டு மருந்துக்குக் கட்டுப்படாமை, பரம்பரை நோய்கள் ஆகியவை முதன்மையானவை. காரணம் தெரிந்தால்தான் மாற்றுச் சிறுநீரகத்திலும் அந்த நோய் திரும்பி வருமா என்பது தெரியும். எடுத்துக்காட்டாக, எப்.எஸ்.ஜி.எஸ். என்னும் நெப்ரோடிக் வகை புதிய சிறுநீரகத்தில் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்குத் திரும்புகிறது; அதே நோய் மரபணுக் குறைபாட்டால் வந்திருந்தால் திரும்புவது அரிது. கல்லீரலில் உண்டாகும் ஆக்சலேட் என்னும் உப்பின் மிகுதியால் சிறுநீரகம் கெட்டிருந்தால், சிறுநீரகத்தை மட்டும் மாற்றினால் அதுவும் கெடக்கூடும் என்பதால் கல்லீரலையும் சேர்த்து மாற்ற வேண்டிவரலாம். ஆகவே, மரபணுச் சோதனை தேவையா என்ற கேள்வியை நீங்களே எழுப்புங்கள். பரம்பரை நோய் என்றால், சிறுநீரகம் கொடுக்க முன்வரும் தாய்க்கோ உடன்பிறந்தவருக்கோ அதே குறை மறைந்திருக்கிறதா என்பதையும் அந்தச் சோதனை காட்டும்.

சிறுநீரகங்களின் வடிகட்டும் திறன் (அறிக்கையில் ஜி.எப்.ஆர். என்று வரும் எண்) 15-க்குக் கீழே இறங்கினால் அது இறுதிநிலைச் செயலிழப்பு. ஆனால் மாற்றுக்கான ஏற்பாடுகளை அதற்கு வெகு முன்பே, திறன் 30-க்குக் கீழே வரும்போதே தொடங்குவது நல்லது. கொடையாளர் ஆயத்தமாக இருந்தால் டயாலிசிஸ் செய்யாமலே நேரடியாக மாற்றுக்குப் போகும் வாய்ப்பும் உண்டு; குழந்தையின் வளர்ச்சிக்கும் படிப்புக்கும் அதுவே மேலானது. பெரும்பாலான மையங்கள் குழந்தையின் எடை ஏறக்குறைய 10 கிலோவை எட்டும்வரை காத்திருக்கும். எடை கூடாத குழந்தைக்கு மூக்கு வழியாகவோ வயிற்றில் பொருத்திய குழாய் வழியாகவோ உணவு கொடுக்கச் சொன்னால் அதைத் தோல்வியாக எண்ண வேண்டாம். அந்த எடைதான் மாற்றுக்கான வாசல்.

கைநரம்பையும் இரத்தத்தையும் காத்துக்கொள்ளுங்கள்

இதை எங்களுக்கு எவரும் சரியான நேரத்தில் சொல்லவில்லை. அதனால்தான் விரிவாக எழுதுகிறேன்.

குழந்தைக்கு வருங்காலத்தில் இயந்திரத்தால் இரத்தத்தைச் சுத்திகரிக்கும் ஹீமோடயாலிசிஸ் தேவைப்பட்டால் கையில் தமனியையும் சிரையையும் இணைத்து பிஸ்துலா அமைக்க வேண்டும். மாற்றுச் சிறுநீரகம் ஒருநாள் ஓய்ந்தாலும் அந்தக் கை மறுபடி தேவைப்படும். எனவே எழுதாத கையில், பெரும்பாலும் இடக்கையில், முழங்கைப் பகுதியிலும் மணிக்கட்டிலும் ஊசி குத்தாமல் காக்க வேண்டும். இரத்தம் எடுப்பதைப் புறங்கையில் எடுக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறை மருத்துவமனையில் சேர்க்கும்போதும் புதிய செவிலியர் வருவார். அவருக்கு இது தெரிந்திருக்கும் என்று எதிர்பார்க்காமல், நாங்கள் அவன் இடக்கையில் "இந்தக் கையில் ஊசி வேண்டாம்" என்று பேனாவால் எழுதிவிடுவோம்.

அடுத்தது இரத்தம் ஏற்றுதல். சிறுநீரகம் கெட்ட குழந்தைக்கு இரத்தச் சோகை வரும். ஹீமோகுளோபின் குறைந்தவுடன் இரத்தம் ஏற்றிவிடுவது எளிய வழியாகத் தோன்றும். ஆனால் பிறருடைய இரத்தத்தின் வெள்ளணுக்களைச் சந்திக்கும் குழந்தையின் உடல் அவற்றுக்கு எதிர்ப்பொருள்களை உண்டாக்கிக்கொள்ளக் கூடும். பிற்பாடு கொடையாளரின் அணுக்களோடு குழந்தையின் இரத்தத்தைச் சேர்த்துப் பார்க்கும் கிராஸ் மேட்ச் சோதனையில் அவையே கொடையாளரின் சிறுநீரகத்தை மறுக்கும். காய்ச்சலுக்காகச் சேர்த்த ஒரு மருத்துவமனையில் எங்களைக் கேளாமலே என் மகனுக்கு இரத்தம் ஏற்றினார்கள். அதன் பிறகு எதிர்ப்பொருள் சோதனைகளைத் திரும்பத் திரும்பச் செய்து, தாயின் சிறுநீரகம் பொருந்தும் என்று உறுதியாவதற்கு நான்கு மாதங்கள் கூடுதலாகக் காத்திருந்தோம். சோகைக்கு, சிவப்பணுக்களைப் பெருக்கும் எரித்ரோபொயிட்டின் ஊசியும் இரும்புச் சத்து ஊசியும் இருக்கின்றன. உயிருக்கு ஆபத்து இல்லாதபோது அவற்றையே கேளுங்கள். ஏற்றித்தான் ஆக வேண்டுமென்றால் வெள்ளணுக்களை நீக்கிய இரத்தமாக இருக்கட்டும். பாசத்தால் தாயோ தந்தையோ தம் இரத்தத்தைக் கொடுக்க முன்வரக் கூடாது. நாளைக்குச் சிறுநீரகம் கொடுக்கப்போகிறவர் அவராகவே இருக்கலாம்.

தடுப்பூசிக்குக் காலக்கெடு உண்டு

மாற்றுக்குப் பிறகு வாழ்நாள் முழுவதும் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்துகள் தொடரும். அப்போது உயிருள்ள கிருமிகளால் ஆன தடுப்பூசிகளைப் பொதுவாகப் போட மாட்டார்கள். தட்டம்மை, புட்டாளம்மை, ரூபெல்லா மூன்றுக்குமான எம்.எம்.ஆர். ஊசியும் சின்னம்மை ஊசியும் அந்த வகையைச் சேர்ந்தவை. அவற்றை அறுவை சிகிச்சைக்குக் குறைந்தது நான்கு வாரங்களுக்கு முன்பே முடித்துவிட வேண்டும். கல்லீரல் அழற்சி பி (ஹெபடைடிஸ் பி) தடுப்பூசி போட்டால் மட்டும் போதாது. எதிர்ப்பொருள் போதிய அளவில் உண்டாகியிருக்கிறதா என்று இரத்தத்தில் பார்க்க வேண்டும், ஏனெனில் டயாலிசிஸ் செய்யும் குழந்தைகளுக்குச் சாதாரண அளவு பல நேரங்களில் வேலை செய்வதில்லை. நிமோகாக்கல் ஊசியையும் ஆண்டுதோறும் போடும் இன்புளுயன்சா ஊசியையும் சேர்த்துக் கேளுங்கள்.

வீட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட தம்பியோ தங்கையோ இருந்தால் இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். போலியோ சொட்டு மருந்தில் இருப்பது வலுவிழந்த உயிருள்ள கிருமி. அது அந்தக் குழந்தையின் மலத்தில் சில வாரங்கள் வெளியேறும். எனவே மாற்றுச் செய்துகொண்ட பிள்ளை உள்ள வீட்டில் சொட்டு மருந்துக்குப் பதிலாகப் போலியோ ஊசியே ஏற்றது. சொட்டு மருந்து முகாமுக்குப் போகும் முன் இதை மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

சிறுநீர்ப்பையை மறந்துவிடாதீர்கள்

வால்வு அடைப்போடு பிறந்த பிள்ளைகளுக்கும் முதுகுத்தண்டுக் குறைபாடு உள்ளவர்களுக்கும் சிறுநீர்ப்பையும் கெட்டிருக்கக்கூடும். தடித்து, விரியாமல், முழுவதும் காலியாகாமல் இருக்கும் பையில் நல்ல சிறுநீரகத்தை இணைத்தால் பழைய சிறுநீரகத்தைக் கெடுத்த அதே அழுத்தம் புதியதையும் கெடுக்கும். ஆகவே மாற்றுக்கு முன் பையின் அழுத்தத்தையும் கொள்ளளவையும் அளக்கும் சோதனை வேண்டும். சில குழந்தைகள் நாளுக்கு நான்கைந்து முறை மெல்லிய குழாய் விட்டுச் சிறுநீரை வெளியேற்றப் பழக வேண்டியிருக்கும். எங்கள் மகன் அதைக் கற்றுக்கொள்ள இரண்டு மாதம் ஆயிற்று. அழுதான், எங்களையும் அழவைத்தான். அந்தப் பழக்கத்தை மாற்றுக்கு முன்பே முடித்துவிடுவது எவ்வளவு நல்லது என்பது, தையல் வலியோடு கிடக்கும் குழந்தையைப் பார்க்கும்போது புரியும்.

கொடையாளர்

உயிருடன் இருப்பவர் கொடுப்பது, மூளைச்சாவு அடைந்தவரிடமிருந்து பெறுவது என வழிகள் இரண்டு. இந்தியாவில் இவற்றை 1994-ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டமும் 2011-இல் செய்யப்பட்ட திருத்தமும் ஒழுங்குபடுத்துகின்றன. சட்டப்படி நெருங்கிய உறவினர் என்போர் கணவன் அல்லது மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர், தாத்தா, பாட்டி, பேரப்பிள்ளைகள். நம் வீடுகளில் தாய்மாமனுக்கு எத்தனை உரிமை இருந்தாலும் சட்டத்தின் கண்ணில் அவர் நெருங்கிய உறவினர் அல்லர். அவரும், அத்தையும், சித்தியும் கொடுக்க முன்வந்தால் அங்கீகாரக் குழுவின் ஒப்புதல் பெற வேண்டும். 18 வயதுக்குட்பட்ட அண்ணனோ அக்காளோ கொடுக்கக் கூடாது. உறவை மெய்ப்பிக்கப் பிறப்புச் சான்றிதழ், ஆதார், குடும்ப அட்டை, திருமணச் சான்று போன்றவை கேட்கப்படும். ஒன்றில் "செல்வி" என்றும் மற்றொன்றில் "தமிழ்ச்செல்வி" என்றும் பெயர் இருந்தால் அதைத் திருத்தவே வாரங்கள் ஓடிவிடும். இன்றே எல்லாவற்றையும் எடுத்து அருகருகே வைத்துப் பாருங்கள்.

பெற்றோரின் இரத்த வகை பொருந்தாவிட்டால் நம்பிக்கை இழக்க வேண்டாம். அதே சிக்கலில் உள்ள இன்னொரு குடும்பத்துடன் கொடையாளர்களை மாற்றிக்கொள்ளும் முறையைச் சட்டம் ஏற்கிறது. இரத்த வகை மாறியிருந்தாலும் எதிர்ப்பொருள்களை நீக்கி மாற்றுச் செய்யும் மையங்களும் உள்ளன. பெரியவரின் சிறுநீரகம் சின்னஞ்சிறு உடலுக்குள் எப்படிப் பொருந்தும் என்று பலர் கேட்கிறார்கள். பொருந்தும். சிறு குழந்தைகளுக்கு அதை வயிற்றுக்குள் வைத்து, உடலின் பெரிய தமனியோடும் பெரிய சிரையோடும் இணைப்பார்கள். வளர்ந்த பிள்ளைகளுக்கு அடிவயிற்றின் ஒரு பக்கத்தில் வைப்பார்கள். பழைய சிறுநீரகங்களைப் பெரும்பாலும் எடுப்பதில்லை.

உயிருள்ள கொடையாளர் இல்லையென்றால், பதிவுபெற்ற மருத்துவமனை வழியாகத் தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையத்தின் காத்திருப்போர் பட்டியலில் குழந்தையின் பெயரைச் சேர்க்க வேண்டும். 2008-இல் விபத்தில் மூளைச்சாவு அடைந்த ஹிதேந்திரனின் உறுப்புகளை மருத்துவர்களான அவன் பெற்றோர் கொடையாக அளித்த நிகழ்ச்சி இம்மாநிலத்தின் மனத்தையே மாற்றியது. உறுப்புக் கொடை செய்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடைபெறும் என்று 2023-இல் தமிழ்நாடு அரசு அறிவித்தது. பட்டியலில் பெயர் வந்தபின் தொலைபேசி எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்; எண்ணை மாற்றினால் மருத்துவமனையின் உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளரிடம் அன்றே சொல்லிவிடுங்கள்.

செலவைப் பொறுத்தவரை, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சிறுநீரக மாற்று அடங்கும். அறுவைச் செலவைக் கேட்கும் எல்லாரும் மாத்திரைச் செலவைக் கேட்க மறந்துவிடுகிறார்கள். அது மாதந்தோறும், வாழ்நாள் முழுவதும் வரும் செலவு. திட்டம் எதுவரை தாங்கும், அதற்குப் பின் எங்கே பெறுவது என்பதை ஒருங்கிணைப்பாளரிடம் முன்னதாகவே கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

அறுவைக்குப் பின் முதல் வாரங்கள்

டயாலிசிஸ் காலத்தில் தண்ணீரை அளந்து, கெஞ்சிக் கேட்டாலும் மறுத்து வளர்த்த குழந்தைக்கு இப்போது தண்ணீரைக் கெஞ்சிக் கொடுக்க வேண்டும். பெரியவரின் சிறுநீரகத்துக்குப் பெரியவருக்குரிய இரத்த ஓட்டம் வேண்டும் என்பதால், சிறு குழந்தைக்கும் நாளுக்கு இரண்டு லிட்டருக்கு மேல்கூடக் குடிக்கச் சொல்லலாம். என் மகன் முதல் வாரத்தில் டம்ளரைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பினான். "அம்மா திட்டுவாங்க" என்றான். ஒரு லிட்டர் பாட்டிலில் நான்கு ரப்பர் வளையங்களை மாட்டி, ஒவ்வொரு வளையத்துக்கும் ஒரு மணி நேரத்தைக் குறித்து வைத்தோம். தண்ணீர் இறங்க இறங்க வளையத்தை அவனே கழற்றிக் கையில் போட்டுக்கொண்டான். காய்ச்சி ஆறவைத்த தண்ணீரையே கொடுங்கள். வயிற்றுப்போக்கோ வாந்தியோ வந்து தண்ணீர் இறங்காவிட்டால் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். வறட்சி இந்தச் சிறுநீரகத்தை விரைவில் தாக்கும்.

சிறுநீர்க்குழாயில் வைத்த டி.ஜே. ஸ்டென்ட் என்னும் மெல்லிய குழாயைச் சில வாரங்களில் எடுப்பார்கள். அதற்கான தேதியை வாங்காமல் வீட்டுக்கு வராதீர்கள்.

மாத்திரையும் கடிகாரமும்

1952-ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் காலத்தில் பாரிசின் நெக்கர் மருத்துவமனையில், சாரத்திலிருந்து விழுந்து தன் ஒரே சிறுநீரகத்தை இழந்த மரியுஸ் ரெனார் என்ற பதினாறு வயதுப் பையனுக்கு அவன் தாயின் சிறுநீரகத்தைப் பொருத்தினார்கள். அது உடனே வேலை செய்தது. ஏறக்குறைய மூன்று வாரங்களில் உடல் அதை மறுத்துவிட்டது, பையன் இறந்தான். இரண்டாண்டுகள் கழித்து பாஸ்டனில் ஒருவருக்குச் செய்த மாற்று வெற்றி பெற்றதற்குக் காரணம், கொடுத்தவர் அவருடைய ஒத்த இரட்டையர் என்பதே. அன்று அந்தத் தாயின் கொடைக்குக் கிடைக்காதது இன்று நம் வீட்டு அலமாரியில் இருக்கும் மாத்திரைதான். அதை வேளை தவறாமல் கொடுப்பது எத்தனை பெரிய காரியம் என்று எனக்குப் புரியவைத்த கதை இது.

எதிர்ப்பாற்றலைக் குறைக்க வழக்கமாகக் கொடுக்கப்படுபவை டாக்ரோலிமஸ், மைக்கோபினோலேட், பிரெட்னிசோலோன் என்னும் ஸ்டீராய்டு ஆகிய மூன்றும். டாக்ரோலிமஸை 12 மணி நேர இடைவெளியில், நாள்தோறும் ஒரே நேரத்தில் கொடுக்க வேண்டும். உணவுக்கு முன் என்றால் எப்போதும் உணவுக்கு முன். இரத்தத்தில் அதன் அளவைச் சோதிக்கும் நாளில் காலை மாத்திரையைக் கொடுக்காமல் எடுத்துக்கொண்டு போக வேண்டும். இரத்தம் எடுத்த பிறகே கொடுக்க வேண்டும். பழக்கத்தில் கொடுத்துவிட்டால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். மாத்திரைக்குப் பின் எடுத்த இரத்தத்தில் அளவு பொய்யாகக் கூடித் தெரியும். மருத்துவர் அதைப் பார்த்து மருந்தைக் குறைப்பார். குறைந்த மருந்தில் உடல் சிறுநீரகத்தை எதிர்க்கத் தொடங்கும். ஒரு வேளை விட்டுப்போனால் அடுத்த வேளையில் இரட்டிப்பாகக் கொடுக்கக் கூடாது. மாத்திரை போட்டவுடன் வாந்தி எடுத்தால் எத்தனை நிமிடத்துக்குள் என்றால் திரும்பக் கொடுப்பது என்பதைக் கேட்டு எழுதி அலமாரிக் கதவில் ஒட்டிவையுங்கள்.

மருந்துக் கடையில் அதே மருந்தை வேறு நிறுவனத்தின் பெயரில் கொடுத்தால் மருத்துவரைக் கேட்காமல் வாங்க வேண்டாம். பிற மருத்துவர்கள் எழுதும் மருந்துகளும் டாக்ரோலிமஸின் அளவை மாற்றும்: எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின், புளூகோனசோல் ஆகியவை கூட்டும், காசநோய்க்கான ரிபாம்பிசினும் வலிப்புக்கான பெனிடாயினும் குறைக்கும். பம்ப்ளிமாஸ் பழத்தைத் தவிர்த்துவிடுங்கள். காய்ச்சலுக்கும் வலிக்கும் ஐபுபுரோபென் கூடாது, பாராசிட்டமால் கொடுக்கலாம். உறவினர் அன்போடு கொண்டுவரும் நாட்டு மருந்துப் பொடிகளையும் லேகியங்களையும் எவ்வளவு வற்புறுத்தினாலும் மறுத்துவிடுங்கள். அவற்றில் என்ன கலந்திருக்கிறது, நம் மாத்திரைகளோடு எப்படி வினைபுரியும் என்பதை நாம் அறிய வழியில்லை. மைக்கோபினோலேட் கருவைப் பாதிக்கும் மருந்து என்பதால், வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அவர் அதைப் பிரித்தோ கரைத்தோ கொடுக்கக் கூடாது.

எதற்கு உடனே ஓட வேண்டும்

உடல் சிறுநீரகத்தை மறுக்கத் தொடங்கும்போது பெரும்பாலும் வெளியே எதுவும் தெரியாது. இரத்தத்தில் கிரியேட்டினின் என்னும் கழிவுப்பொருள் ஏறுவதே முதல் அடையாளமாக இருக்கலாம். அதனால்தான் பிள்ளை ஓடி விளையாடும் நாளிலும் குறித்த தேதியில் இரத்தச் சோதனைக்குப் போக வேண்டும். காய்ச்சல், சிறுநீர் குறைதல், ஒரே நாளில் எடை கூடுதல், முகமோ காலோ வீங்குதல், இரத்த அழுத்தம் உயர்தல், சிறுநீரகம் வைத்த இடத்தில் வலி ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் காத்திருக்க வேண்டாம். கழுத்தில் கட்டி போல் நிணநீர் முடிச்சுகள் பெருத்தால் அதையும் காட்டுங்கள், குழந்தைகளுக்கு ஈ.பி.வி. என்னும் வைரஸால் நிணநீர்ப் பெருக்க நோய் வரக்கூடும்.

அம்மை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அம்மை போட்டால் மருந்து கொடுக்காமல் வேப்பிலை வைத்து மூன்று தண்ணீர் ஊற்றும்வரை பொறுத்திருப்பது நம் வழக்கம். இந்தக் குழந்தைகளுக்கு அந்த வழக்கம் உயிரைப் பறிக்கக் கூடியது. வகுப்பில் அருகே அமர்பவனுக்கு அம்மை என்று தெரிந்தாலே, நம் குழந்தைக்குக் கொப்புளம் வரும்வரை காத்திராமல் அன்றே மருத்துவரை அழையுங்கள். அம்மை என்று பாட்டி சொன்னாலும் மாத்திரையை நிறுத்தக் கூடாது. வேப்பிலையை வாசலில் செருகிக்கொள்ளட்டும், அதனால் கெடுதல் இல்லை.

பள்ளியும் பதின்பருவமும்

இரண்டு மூன்று மாதங்களில் பெரும்பாலான பிள்ளைகள் பள்ளிக்குத் திரும்புகிறார்கள். வகுப்பாசிரியரிடம் மூன்று செய்திகளை எழுதிக் கொடுங்கள்: தண்ணீர் பாட்டில் மேசைமேல் இருக்க வேண்டும், கழிப்பறைக்குக் கேட்டவுடன் அனுப்ப வேண்டும், வகுப்பில் யாருக்காவது அம்மையோ தட்டம்மையோ வந்தால் சொல்ல வேண்டும். புதிய சிறுநீரகம் விலா எலும்புகளின் காப்பின்றி அடிவயிற்றில் இருப்பதால் கபடி போன்ற, உடலோடு உடல் மோதும் ஆட்டங்கள் வேண்டாம். ஓட்டமும் பூப்பந்தும் ஆடட்டும்.

பதின்மூன்று, பதினான்கு வயதில் வேறொரு ஆபத்து தொடங்குகிறது. ஸ்டீராய்டால் முகம் உப்பியிருக்கிறது, தோழர்களைவிடக் குள்ளமாக இருக்கிறோம் என்ற எண்ணத்தில் பிள்ளைகள் மாத்திரையை ஒளித்துவைப்பதும் தவிர்ப்பதும் உண்டு. பதின்பருவத்தின் பிற்பகுதியிலும் இருபதுகளின் தொடக்கத்திலும்தான் மாற்றுச் சிறுநீரகங்கள் மிகுதியாக இழக்கப்படுகின்றன. திட்டினால் மறைப்பார்கள். ஸ்டீராய்டைக் குறைக்க முடியுமா, வளர்ச்சி ஊசி உதவுமா என்று பிள்ளையின் முன்னிலையிலேயே மருத்துவரைக் கேளுங்கள். தன் குறையை யாரோ பொருட்படுத்துகிறார்கள் என்று அவர்கள் உணர வேண்டும். பத்து வயதிலிருந்தே மாத்திரைகளின் பெயரையும் அளவையும் அவர்களே சொல்லப் பழக்குங்கள். எங்கள் வீட்டில் ஞாயிறு மாலை வாரத்துக்கான மாத்திரைப் பெட்டியை மகனே நிரப்புகிறான். நான் எதிரே அமர்ந்து எண்ணிப் பார்க்கிறேன்.

மாற்றுச் சிறுநீரகம் என்றென்றைக்கும் உழைப்பதில்லை. பத்து, பதினைந்து, இருபது ஆண்டுகள் உழைத்தவை உண்டு. குழந்தையாக மாற்றுச் செய்துகொண்டவருக்கு வாழ்நாளில் இரண்டாவது மாற்றும் தேவைப்படலாம். எனவே எந்தத் தாளையும் எறியாதீர்கள். கொடையாளரின் இரத்த வகை, திசுப் பொருத்தத்தைக் காட்டும் எச்.எல்.ஏ. அறிக்கை, அறுவைக் குறிப்பு, ஒவ்வொரு பயாப்சி (திசுச் சோதனை) முடிவு, தடுப்பூசி அட்டை, இரத்தம் ஏற்றிய நாள்கள் ஆகியவற்றை ஒரே கோப்பில் வைத்து, அவற்றின் படங்களைக் கைப்பேசியிலும் வைத்திருங்கள். பதினெட்டு வயதில் பெரியவர்களுக்கான சிறுநீரக மருத்துவரிடம் பிள்ளை போகும்போது, முதல் சந்திப்பில் அவர் கேட்கப்போவது அந்தக் கோப்பைத்தான்.